கச்சான் எடுத்தால்

மலாக்கா
5-4-1934

அன்புள்ள செசி,

வெள்ளைப் புறாக்கள் ராத்தங்கப் போகிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன், சுமத்ராவும் இல்லை கிமத்ராவும் இல்லை, நம்முடைய நங்காத் தீவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற குட்டித் தீவுதான், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

இப்போதுதான் மூச்சு விடுகிறேன். நடந்ததைச் சொல்கிறேன். அப்பா கடையிலிருந்து புலாவ் பெசார் தீவுக்கு அரிசி, பருப்பு போகிற படகில் தொற்றிக்கொண்டு போயிருந்தேன். குஞ்சம்மா அத்தை துணைக்கு. அத்தை தர்கா வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஆரம்பித்ததும் நான் மேட்டில் ஏறிவிட்டேன். பொழுது சாய்கிற நேரம். கரைப்பக்கமிருந்து புறாக்கள் கூட்டம் கூட்டமாய்த் தண்ணீரை ஒட்டிப் பறந்து வந்தன. நம் கான்வென்ட் ஆலமரத்தில் பழம் தின்னுமே, அதே புறா. உடம்பு பால் மாதிரி, இறக்கை நுனி மட்டும் மையில் முக்கியது மாதிரி. எல்லாம் நங்காவைச் சுற்றி வளைந்து அந்தக் குட்டித் தீவில் இறங்கின. ஒன்றுகூட சுமத்ரா பக்கம் போகவில்லை. படகுக்காரர் பாக் டோலா அந்தத் தீவை ‘அனாக்’ என்கிறார். மலாயில் பிள்ளை என்று அர்த்தம்.

உன் அப்பா ஜாசின் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போனதால் நீ பாதியில் விட்டுப்போன வேலையை நான் தனியாகத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறேன். நம் ‘தீவுச் சங்கிலி’ கட்டுரையில் உப்பே தீவு முடிந்தது, பெசார் முடிந்தது, நங்கா, டோடோல், உண்டான் மூன்றும் கரைவரை போய்ப் பார்த்தாயிற்று. நங்கா என்றால் பலா. டோடோல் நம் அல்வாவுக்குத் தம்பி. அப்புறம் உண்டான். யாரோ நல்ல பசியில் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நீ சொன்னாயே, அதை அப்படியே எழுதிவிட்டேன்.

பாக்கி இருப்பது அனாக் மட்டும். ஆனால் வாசகசாலை பாலகிருஷ்ணன் அண்ணன் குறுக்கே நிற்கிறார். அவருடைய கையெழுத்துப் பத்திரிகை எஸ்டேட் எஸ்டேட்டாகக் கைமாறிப் போகிறதில்லையா, அதனால் அவர் வைத்ததுதான் சட்டம். உப்பு வாங்கக் கடைக்கு வந்தவரிடம் சொன்னேன்.

“தங்கச்சி, அது சுமத்ராலேருந்து வர்ற புறா. கப்பல்காரங்களே சொல்றாங்க.”

“எந்தக் கப்பல்காரரு பின்னாடியே போயி பாத்தாரு?”

“நீ போயி பாத்தியா?”

“மேட்டுலேருந்து பாத்தேன்.”

“மேட்டுலேருந்து பாத்தா நெலாவுலகூடத்தான் கிழவி வடை சுடுறா. தீவுல கால வச்சு, கூட்டப் பாத்துட்டு வா லா. மொதப் பக்கத்துல போடுறேன். இல்லாட்டி இந்தக் கட்டுரை வேணாம்.”

அப்பா கல்லாவில் உட்கார்ந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “போயிட்டு வா. ஆனா ஒரு தடவ ஏதாச்சும் ஆச்சுன்னா அதோட கடல் பக்கமே கெடையாது.”

நான் அந்தத் தீவில் கால் வைக்காமல் விடமாட்டேன், செசி. அத்தைக்கு 22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை புலாவ் பெசார் தர்காவில் நெய்ச்சோறு ஆக்கிப் போடுகிற நேர்த்திக்கடன் இருக்கிறது. விடியும்போதே கிளம்பி, முதலில் அனாக், அப்புறம் தர்கா.

உன் அப்பப்பா யாழ்ப்பாணத்து ஊர்காவற்துறையில் கப்பல் ஓட்டியவர். கடல் விஷயம் உனக்குத் தெரிந்த மாதிரி எனக்குத் தெரியாது. எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று உடனே எழுது.

உன்
சுசீலா

*

ஜாசின்
11-4-1934

அன்புள்ள சுசீலா,

உன் கடிதம் கிடைத்தது. பாஸ்குத் திருநாளுக்கு ஒரு வாழ்த்து எழுத உனக்கு நேரம் வரவில்லை. புறாவுக்கு மட்டும் வந்தது. பரவாயில்லை, நானும் புறாவுக்காகத்தான் பதில் எழுதுகிறேன்.

இங்கே ரப்பர் மரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. பப்பா ஆஸ்பத்திரிக்கும் தம்பி பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டால் வீட்டில் கதைப்பதற்கு அம்மாவும் கோழிகளும்தான். கடலைப் பார்த்து மாதக்கணக்காகிறது. நீ எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். மேட்டிலிருந்து பார்த்தது உண்மைதான், ஆனால் பாலகிருஷ்ணன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ராத்தங்குகிற இடம் வேறு, கூடு கட்டுகிற இடம் வேறு. கூட்டைப் பார். புறாக்கூடு சும்மா நாலு குச்சியை அள்ளிப் போட்டதுபோல இருக்கும், உயரத்தில்தான் இருக்குமென்று நினைக்காதே. முட்டையைத் தொடாதே. மரத்தின் அடியில் என்ன கொட்டை விழுந்து கிடக்கிறது என்று பார்த்துக் கொஞ்சம் பொறுக்கி வை. அவை கரையில் எதைத் தின்றுவிட்டு வருகின்றன என்று அதிலே தெரிந்துவிடும்.

கடலைப் பற்றிக் கேட்டாய். அப்பப்பா சொல்லுவது ஒன்றுதான், அதைக் காதில் போட்டுக்கொள். இனி இந்தப் பக்கம் கச்சான் காலம். அதை லேசாக நினையாதே. கச்சான் எடுத்தால் வள்ளத்தில் ஏறாதே. ஏறிய பிறகு என்றால் யோசிக்காமல் கரைக்குத் திரும்பு. குஞ்சம்மா அத்தைக்கும் சொல்லி வை. அவ சொன்னால் கேட்கிற ஆள் இல்லை.

தீவில் கால் வைத்ததும் எழுது. நானும் அங்கே நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு எழுது.

செசிலியா

*

மலாக்கா
21-4-1934

அன்புள்ள செசி,

நாளைக்கு விடிந்தால் பயணம். இது உன் கைக்கு வரும்போது நான் அனாக்கில் கால் வைத்துத் திரும்பியிருப்பேன்.

நீ சொன்னதெல்லாம் எழுதி மனப்பாடம் பண்ணிக்கொண்டேன். அந்தக் கச்சான் சமாச்சாரத்தையும் சரியாகக் கவனித்துவிட்டேன். உன் வீட்டில் வறுத்த கடலையைத்தானே கச்சான் என்பீர்கள்? உன் தம்பி கால்சட்டைப் பையில் நிரப்பிக்கொண்டு வந்து கான்வென்ட் வாசலில் எங்களுக்கு ஒவ்வொன்றாய்த் தருவானே. அத்தை சொன்னால் கேட்கமாட்டார் என்று நீ எழுதியது அப்படியே பலித்தது. மடியில் ஒரு பெரிய பொட்டலம் முடிந்து வைத்திருந்தார்.

“அத்தை, கடலைய எடுத்துட்டு படகுல ஏறக்கூடாதாம். செசி எழுதியிருக்கா.”

“ஏன்டி, கடலுக்கும் கடலைக்கும் என்னடி சண்ட?”

“அவுங்க தாத்தா கப்பல் ஓட்டுனவரு. சும்மா சொல்வாரா?”

“அவரு கப்பல்ல எலி இருந்திருக்கும். எம் மடியில எலியா இருக்கு?”

கடைசியில் பொட்டலத்தைப் பிடுங்கிப் பாக் டோலாவின் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். அத்தை மத்தியானத்திலிருந்து என்னோடு பேசவில்லை. உங்கள் ஊரில் கடலையைக் கண்டால் கடலுக்கு ஆகாதோ என்னவோ, பெரியவர்கள் சொன்னதை மீறி நான் எதற்கு வம்பு பண்ண வேண்டும்?

பாலகிருஷ்ணன் அண்ணன் வேறு துறைக்கு வந்து வழியனுப்புகிறேன் என்கிறார். வழியனுப்பவா, நான் திரும்பி ஓடுகிறேனா என்று பார்க்கவா தெரியவில்லை. ஓடமாட்டேன்.

உன்
சுசீலா

*

ஜாசின்
23-4-1934

சுசீலா,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. தபால்காரன் போகவில்லை, வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

கச்சான் என்றால் காற்று. மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. நாங்கள் கடலையையும் கச்சான் என்கிறோம், காற்றையும் கச்சான் என்கிறோம். கச்சான் எடுத்தால் என்றால் அந்தக் காற்று கிளம்பினால் என்று அர்த்தம். நான் காற்றைச் சொன்னேனடி. காற்றை.

நேற்றுக் காலையில் இங்கே ரப்பர் மரங்கள் முறிந்து விழுந்தன. ஆஸ்பத்திரிக் கூரையில் தகரம் பறந்தது. இங்கேயே அப்படியென்றால் அங்கே கடலில் எப்படி இருந்திருக்கும்?

உயிரோடு இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது. அத்தைக்கும் ஒன்றுமில்லை என்று எழுது. வேறு ஒன்றும் வேண்டாம்.

செசிலியா

*

மலாக்கா
2-5-1934

செசிலியா,

உயிரோடு இருக்கிறேன். நீ கேட்ட ஒரு வரி இதுதான். மிச்சம் நான் கேட்க வேண்டியது.

பெசாரைத் தாண்டி நங்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பாக் டோலா திடீரென்று துடுப்பை நிறுத்தி மேற்கே கையை நீட்டினார். “சுமத்ரா டாத்தாங்,” என்றார். சுமத்ரா வருது. “பாலிக்,” என்றார். திரும்பிப் போகலாம். எனக்கு என்ன புரிந்தது தெரியுமா? இவரும் பாலகிருஷ்ணன் கட்சியில் சேர்ந்துவிட்டார், புறா சுமத்ராவிலிருந்துதான் வருகிறது, வீணாகப் போக வேண்டாம் என்கிறார் என்று நினைத்தேன். “இல்ல பாக், அனாக்லேருந்துதான் வருது, நான் பாத்தேன்,” என்று புறாவுக்காக அவரோடு வாதாடிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மேற்கே வானத்தில் கறுப்பாய் ஒரு வளைவு கிடந்தது. அது ஓடி வந்தது. அவர்களும் அந்தக் காற்றைச் சுமத்ரா என்றுதான் சொல்வார்களாம். எனக்கு இப்போது தெரிகிறது.

பாய்மரம் முறிந்தது. அப்புறம் எது மேலே எது கீழே என்று எனக்கு நினைவில்லை. படகு பெசார்ப் பாறையில் மோதிப் பிளந்தது. பாக் டோலாவுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. இறங்கின தோளோடுதான் அத்தையின் கொண்டையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். அத்தை நெய்ச்சோற்று அண்டாவை விடவே இல்லை. அதுதான் மிதந்ததாம். அரிசி, நெய் எல்லாம் கடலுக்குப் போனது.

நான் உன் கடிதத்தை மீறிக் கவிழவில்லை, செசிலியா. உன் கடிதத்துக்குக் கீழ்ப்படிந்து கவிழ்ந்தேன். கடலைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டோம், இனி ஆபத்தே இல்லை என்ற தைரியத்தில்தான் பாக் டோலா சொன்னதைக் காதில் வாங்கவில்லை. காற்று என்று ஒரு சொல் எழுத உனக்கு என்ன கஷ்டம்? உன் பேனாவில் மை இல்லையா?

கடைத்தெரு முழுக்க இதுதான் பேச்சு. “கடலையில கவுந்த கப்பல்” என்கிறார்கள். பாலகிருஷ்ணன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருக்கிறது. அப்பா சொன்னபடியே செய்துவிட்டார். எனக்கு இனி ஆற்றோரம்கூடக் கிடையாது. கடைப் பின்கட்டில் உட்கார்ந்து மிளகாய் காம்பு கிள்ளுகிறேன்.

அனாக் அங்கேயே இருக்கிறது. நான் இங்கே இருக்கிறேன். இனி எனக்கு எழுத வேண்டாம்.

சுசீலா

*

ஜாசின்
9-5-1934

சுசீலா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

உயிரோடு இருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளில் நின்றேன். அது முடிந்ததும் எழும்பினேன். இப்போது எனக்கும் கோபம் இருக்கிறது.

காற்று என்று ஏன் எழுதவில்லை என்று கேட்டாய். எனக்கு அது காற்று இல்லையடி. காற்று என்றால் விசிறியில் வருவது. வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று ஒவ்வொன்றுக்கும் வேறு முகம். பிறந்ததிலிருந்து வீட்டில் கேட்ட சொல்லை எழுதும்போது, இது மற்றவர்களுக்குத் தெரியுமோ என்று யாருக்கு நினைவு வரும்? உனக்கு வருமா? நீ ‘கவுந்தது’ என்று எழுதும்போது எனக்கு அடிக்குறிப்புப் போடுகிறாயா?

இன்னொன்றும் சொல்லுகிறேன். கான்வென்டில் சேர்ந்த புதுசில் நான் ‘கதைப்பம் வா’ என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தீர்கள். “கத சொல்லப் போறாளாம், கேக்க வாங்கடி” என்று ஒருத்தி கூப்பிட்டாள். அந்த ஒருத்தி நீதான். அன்றிலிருந்து நான் என் சொல்லுக்கு யாரிடமும் விளக்கம் சொல்லுவதில்லை. புரிந்தவர்கள் புரிந்துகொள்ளட்டும் என்று விட்டேன். புரியாவிட்டால் நீ கேட்டிருக்க வேண்டும். கடலைக்கும் கடலுக்கும் என்ன சண்டை என்று அத்தை கேட்டா. நீ கேட்கவில்லை. என்னிடம் கேட்காமல் எங்கள் ஊரில் ஏதோ மூடநம்பிக்கை என்று முடிவு கட்டினாய்.

இவ்வளவுதான் என் கோபம். எழுதிவிட்டேன்.

இனி மற்றது. மிளகாய் காம்பு கிள்ளுவதற்கு நீ பிறக்கவில்லை. அந்தத் தீவை விடாதே. நீ விட்டால் நான் போய்க் கால் வைப்பேன், பிறகு உன் பெயரை எழுதமாட்டேன்.

செசிலியா

*

மலாக்கா
28-5-1934

அன்புள்ள செசி,

உன் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். ‘அந்த ஒருத்தி நீதான்’ என்ற இடத்தில் தாளை மடித்துவிட்டேன். அத்தை விடவில்லை. “படி, படி, நல்லா இருக்கு,” என்றார்.

எனக்கு அது ஞாபகமே இல்லை, செசி. உனக்கு இத்தனை வருஷம் ஞாபகம் இருந்திருக்கிறது. இனி புரியாத சொல் வந்தால் கேட்பேன். இப்போதே கேட்கிறேன்: சோளகம் என்றால் எந்தப் பக்கத்துக் காற்று? கொண்டல் என்றால்?

பாக் டோலாவைப் பார்க்க அப்பாவே அழைத்துப் போனார். படகைச் சரி பண்ணுகிற வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். பலகை வந்து இறங்கிவிட்டது. பாக் டோலாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தோளைத் தடவிக்கொண்டே கேட்டார்: நான் சுமத்ரா என்றபோது நீ எதற்குப் புறாவைப் பற்றிப் பேசினாய்? விளக்கினேன். மனிதர் சிரித்த சிரிப்பில் தோள் வலித்து உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வரும்போது அத்தை சொன்னார்: “மேலக்காத்துன்னு சொல்லியிருந்தா நான் அன்னிக்கே படகத் திருப்பச் சொல்லியிருப்பேன்.” யோசித்துப் பார், செசி. பாக் டோலாவுக்குச் சுமத்ரா, உனக்குக் கச்சான், அத்தைக்கு மேலக்காத்து. மூன்று பேருக்கும் அந்தக் காற்றைத் தெரியும். ஒருத்தர் பெயர் இன்னொருத்தருக்குத் தெரியாது. எனக்கு ஒரு பெயரும் தெரியாது, நான்தான் எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் கட்டுரையை மாற்றி எழுத ஆரம்பித்துவிட்டேன். தீவு, மரம், நத்தை, மீன், காற்று, எதை எழுதினாலும் நம்முடைய சனங்கள் அதை எப்படியெல்லாம் சொல்கிறார்கள் என்று பக்கத்திலேயே போடப்போகிறேன்.

ஆனால் அனாக் இல்லாமல் அது முடியாது. நேற்று அத்தை அப்பாவிடம் போனார்.

“அண்ணே, எனக்கு நேத்திக்கடன் பாக்கி.”

“மசூதியில குடுத்துடு. கடல்ல வேணாம்.”

“புலாவ் பெசார்ல ஆக்கிப் போடுறேன்னுதான் நேந்தேன். எடத்த மாத்த நான் யாரு?”

“சரி, நீ போ.”

“அண்டாவ யாரு புடிப்பா? இவ வரட்டும்.”

“குஞ்சு, நீ அண்டாவுக்காகக் கேக்குறியா, புறாவுக்காகக் கேக்குறியா?”

“அண்ணே, அந்தப் புறா மூஞ்சிய நானும் பாக்கணும். அதுக்காகத்தானே முழுகிப் போனேன்.”

அப்பா கடையைப் பூட்டப் போய்விட்டார். இன்று காலையில் ஒரு நிபந்தனை போட்டார். கடலைத் தெரிந்த யாராவது, எப்போது போகலாம், எப்போது கூடாது என்று எல்லாருக்கும் புரிகிற தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை அவர் வாசித்துப் பார்ப்பார். அவருக்குப் புரிந்தால் போகலாம்.

உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்? எழுதிக் கொடு. இல்லை, நீயே வா.

உன்
சுசீலா

*

ஜாசின்
7-6-1934

அன்புள்ள சுசீலா,

வர ஏலாது. வர முடியாது என்று அர்த்தம். அம்மாவுக்குக் காய்ச்சல், மலேரியா என்று பப்பா சொல்லுகிறார். நான் இல்லாவிட்டால் வீடு நடக்காது.

சோளகம் தென்மேற்குக் காற்று. கொண்டல் கிழக்கிலிருந்து வருவது. கேட்டதற்கு நன்றி.

உன் அப்பாவுக்கு வேண்டியதைக் கீழே எழுதுகிறேன். இதைப் பப்பாவின் ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிற சாமிக்கண்ணு அண்ணனுக்கும், ஒரு தெலுங்கு நர்சுக்கும் வாசித்துக் காட்டி, புரியவில்லை என்ற இடத்தையெல்லாம் மாற்றிவிட்டேன். மூன்று தரம் கிழித்து எழுதினேன்.

சிவசாமி மாமாவுக்கு. மேற்குப் பக்கம் வானத்தின் அடியில் கறுப்பாக வில்லுப்போல ஒரு மேகம் தெரிந்தால் பெருங்காற்று வரப்போகிறது. யாழ்ப்பாணத்தார் கச்சான் என்பர், மலாய்க்காரர் சுமத்ரா என்பர், உங்கள் பக்கம் மேலக்காற்று. பெயர் எதுவானாலும் அந்த வில்லு தெரிந்தால் கரையில் இருப்பவர் படகில் ஏறக்கூடாது. தீவில் இருப்பவர் தீவிலேயே இருக்க வேண்டும். எவ்வளவு அவசரமானாலும், யார் வற்புறுத்தினாலும். கொஞ்ச நேரத்தில் அடித்து ஓய்ந்துவிடும். ஓய்ந்து, கடல் அடங்கி, படகுக்காரர் சரி என்று சொன்ன பிறகே புறப்படலாம். அவர் சொல்லுவது புரியாவிட்டால் திரும்பக் கேட்க வேண்டும்.

சுசீலா, அந்தக் கடைசி வரி உனக்கு.

சாமிக்கண்ணு அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, “ஏம்மா, இம்புட்டு வெவரமா எழுதுற ஆளா நீ? ஆஸ்பத்திரியில ஒரு வார்த்த பேச மாட்டியே,” என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

போய் அந்தக் கூட்டைப் பார்.

செசி

*

மலாக்கா
12-7-1934

அன்புள்ள செசி,

கால் வைத்துவிட்டேன்.

அப்பா உன் கடிதத்தைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். எல்லாருக்கும் புரிந்தது. கடைசியாக என்னைப் பார்த்து, “இந்தப் பொண்ணு சொன்னபடி நடப்பியா?” என்றார். நடப்பேன் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். பாக் டோலா, அத்தை, அண்டா, நான். கூடவே சாட்சிக்கு வருகிறேன் என்று பாலகிருஷ்ணன் அண்ணன் புது வேட்டியில் வந்து ஏறினார். ஆற்று வாயைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டார். அத்தை எலுமிச்சம்பழத்தை நீட்டி, “மோந்துக்க தம்பி, சுமத்ரா வரைக்கும் போவணும்ல,” என்றார்.

அனாக் ரொம்பச் சின்னது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கொஞ்சம் மணல், நடுவில் வளைந்து நெளிந்த மரங்கள். புதரில் கையைக் கிழித்துக்கொண்டு மரம் மரமாய் அண்ணாந்து தேடினேன். அடியில் கொட்டைகள் கிடந்தன, நீ சொன்னபடி பொறுக்கினேன். காட்டு ஜாதிக்காய் என்கிறார் பாக் டோலா. இறகு கிடந்தது. கூடு மட்டும் இல்லை. புறாக்களும் கரைக்குத் தீனிக்குப் போயிருந்தன. பாலகிருஷ்ணன் அண்ணன் மணலில் படுத்தபடியே, “தங்கச்சி, ராத்திரி தங்குறது வேற, குடும்பம் நடத்துறது வேற,” என்றார். எனக்கு அழுகை வந்தது, அழவில்லை.

அப்போதுதான் மேற்கே அந்த வில் தெரிந்தது.

பாலகிருஷ்ணன் அண்ணன் எழுந்துவிட்டார். “மழை வரப்போவுது. வாங்க, அடிக்கிறதுக்குள்ள பெசாருக்குப் போயிரலாம். பக்கம்தானே.”

“போக்கூடாதுண்ணே.”

“இங்க மண்டபமா இருக்கு? பாறையும் பாம்பும்தான் இருக்கு. பாக், ஜோம், போகலாம்.”

பாக் டோலா அசையவில்லை. என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் அவரிடம் மேற்கே காட்டி, “சுமத்ரா?” என்று கேட்டேன். “சுமத்ரா,” என்றார். “புறாவா, காத்தா?” என்றேன். “காத்து,” என்றார் தமிழிலேயே. இரண்டு பேருமாகப் படகை மணலில் இழுத்துப் பாறைக்குப் பின்னால் கவிழ்த்தோம்.

“நீ சொன்னா நான் கேக்கணுமா?” என்று பாலகிருஷ்ணன் அண்ணன் கத்தினார்.

அத்தை சொன்னார்: “கேக்க வேணாம் தம்பி. நீ நீந்திப் போ, நாங்க காத்து நின்னதும் பின்னாலயே வர்றோம்.”

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே எங்கள் பக்கத்தில் வந்து குந்தினார். பாறையை ஒட்டி ஒரு குட்டை மரம். அதற்கடியில் நாலு பேரும் அண்டாவும். காற்று வந்தது. சென்ற தடவை அதற்குள்ளே இருந்ததால் நான் அதைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை பார்த்தேன். நங்கா மறைந்தது, கடல் மறைந்தது, எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த பாறையே மறைந்தது. நாங்கள் அப்போது படகில் இருந்திருந்தால் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்த மழைக்குள்ளேயிருந்து புறாக்கள் வந்தன, செசி. காற்று தூக்கி எறிந்த வெள்ளைத் துணி மாதிரி வந்து மரங்களில் விழுந்தன. நான் உயரத்து மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை என் முழங்கையை இடித்தார்.

“ஏன்டி, மேல பாரு. மேலன்னா அங்க இல்ல. நம்ம தலைக்கு மேல.”

நாங்கள் ஒதுங்கியிருந்த அந்தக் குட்டை மரத்தில், கையை நீட்டினால் தொடுகிற உயரத்தில், ஒரு புறா வந்து உட்கார்ந்தது. அங்கே ஏற்கெனவே இன்னொன்று இருந்தது. நாங்கள் வந்து அடியில் குந்தியபோதும் அது அசையவே இல்லை போலிருக்கிறது, அதனால்தான் காலையிலிருந்து என் கண்ணில் படவில்லை. காற்றில் அதன் இறகெல்லாம் உள்வெளியாகப் புரண்டது. அது எழுந்திருக்கவில்லை. நாலு குச்சி, நீ எழுதியபடி, சும்மா அள்ளிப் போட்டது மாதிரி. குச்சிகளின் சந்து வழியாகக் கீழேயிருந்தே தெரிந்தது. ஒரு வெள்ளை முட்டை.

நான் தொடவில்லை.

பாலகிருஷ்ணன் அண்ணன் ரொம்ப நேரம் அண்ணாந்தபடியே இருந்தார். மூக்கிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. “போயிருந்தா பாத்திருக்க மாட்டோம்,” என்றார். அப்புறம், “போயிருந்தா நாம இருந்திருக்கவும் மாட்டோம்,” என்றார். அதற்குப் பிறகு கரை வருகிறவரை அவர் வாந்தியும் எடுக்கவில்லை.

தர்காவில் நெய்ச்சோறு ஆக்கிப் போட்டு அத்தையின் நேர்த்திக்கடன் தீர்ந்தது. அப்பா துறையில் காத்திருந்தார். அத்தையிடம், “பாத்தியா அது மூஞ்சிய?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் மிளகாய் மூட்டையைப் பின்கட்டிலிருந்து எடுத்துக் கடைப் பையனிடம் கொடுத்துவிட்டார்.

கட்டுரை ஆடி இதழில் முதல் பக்கத்திலிருந்து வருகிறது. மேலே இரண்டு பெயர். உன் பெயரைத்தான் முதலில் போட வேண்டும் என்றேன். காற்றுப் பகுதி முழுக்க உன்னுடையது. சாமிக்கண்ணு அண்ணனுக்குப் புரிந்த அதே தமிழில் எழுதியதை அப்படியே போட்டிருக்கிறோம், ஒரு எழுத்து மாற்றவில்லை.

ஒரே ஒரு இடம் காலியாக இருக்கிறது. பாலகிருஷ்ணன் அண்ணன் அழகாக எழுதிக்கொண்டே வந்து பேனாவை நிறுத்தினார். “இந்தப் புறாவுக்குத் தமிழ்ல என்ன பேரு?” என்றார். பாக் டோலா ‘ராவா’ என்கிறார். அத்தை தெரியாது என்கிறார். வெள்ளைப் புறா என்றால் கோயில் கோபுரத்தில் இருக்கிறதே அதுவும் வெள்ளைப் புறாதான். கடைக்கு வந்த ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டு விட்டிருக்கிறோம். கடைசிப் பக்கத்தில் இதை எழுதியிருக்கிறேன், சரியா பார்:

‘இந்த இதழ் யார் கைக்கு வந்தாலும் வாய்விட்டுப் படியுங்கள். எழுத்துத் தெரியாதவர்கள் லயத்து வீடுகளில் இருப்பார்கள், அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படியுங்கள். புரியாத சொல் வந்தால் அதன் கீழே கோடு போடுங்கள், வெட்கப்பட வேண்டாம், நாங்கள் பட்டுவிட்டோம். உங்கள் வீட்டில் வேறு மாதிரிச் சொல்வீர்கள் என்றால் ஓரத்தில் அதை எழுதுங்கள், யாழ்ப்பாணத்துச் சொல், தஞ்சாவூர்ச் சொல், சேலத்துச் சொல் எதுவானாலும் சரி. பிறகு அடுத்த எஸ்டேட்டுக்கு அனுப்புங்கள். ஓரம் நிரம்பிவிட்டால் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள்.’

ஜாசினுக்கு முதல் பிரதியை இத்தோடு அனுப்புகிறேன். ஆஸ்பத்திரியில் படி. நீதான் படிக்க வேண்டும், உன் குரலில், கதைக்கிற மாதிரியே. சாமிக்கண்ணு அண்ணனிடம் கேள், தெலுங்கு நர்சிடம் கேள், காய்ச்சலில் படுத்திருப்பவர்களிடமும் கேள். அம்மாவுக்குக் குணமானதும் பப்பாவிடம் நான் எழுதிக் கேட்கிறேன். பாக் டோலா படகில் உனக்கு இடம் போட்டு வைத்திருக்கிறார். குஞ்சு பொரித்திருக்கும். வானம் சரியாக இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை வா, இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வா. அந்த மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அந்தக் கோட்டின் மேல் என்ன எழுதலாம் என்று எல்லாருமாகச் சொல்லுங்கள்.

உன்
சுசீலா